மரக்கட்டையா, நைலான் கட்டையா?

1959-ஆம் வருடம், அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணி, சுத்தியல், பெயின்ட் டப்பா விற்கும் ஹார்டுவேர் கடை. அதே கடையில் ஒரு சுவரோரம் துப்பாக்கிகளும் வரிசையாக நிற்கும். அங்கே அது சகஜம். மகனுக்கு முதல் துப்பாக்கி வாங்கித் தர வந்த ஒரு விவசாயி ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் வைத்துப் பார்க்கிறார். எல்லாமே மரக்கட்டை. ஒன்று மட்டும் கையில் எடுத்ததுமே என்னவோ போல் இருக்கிறது. கனமே இல்லை. பார்க்க மரம் மாதிரி பழுப்பு நிறம், விரலால் தட்டினால் மரச்சத்தம் வரவில்லை. விலைச்சீட்டில் 49 டாலர் 95 சென்ட். விளையாட்டுச் சாமானுக்கு ஐம்பது டாலரா என்று அவர் யோசித்திருந்தால் அதில் தப்பே இல்லை.

அந்தத் துப்பாக்கியின் பெயர் ரெமிங்டன் நைலான் 66. பெயரிலேயே நைலான்! நம் ஊரில் கயிறும் சேலையும் செய்த அதே நைலான்தான். இந்த ஒரு துப்பாக்கியின் கதையைப் பிடித்துக்கொண்டு போனால், மனிதர்கள் ஒரு பொருளை எதை வைத்து எடை போடுகிறார்கள் என்ற விஷயம் கொஞ்சம் விளங்கும். அதில் சிரிக்க வேண்டிய இடமும் உண்டு, சிரிக்க முடியாத இடமும் உண்டு.

முதலில் இரண்டு வார்த்தைகளைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை அழுத்திப் பிடித்தால் சினிமாவில் வருவதுபோல் சடசடவென்று பொழிகிற ரகம் இல்லை. ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டாதான். ஆனால் சுட்டு முடித்த காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுகிற வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, கட்டை. தோளில் ஊன்றி, கன்னத்தைச் சாய்த்து, கையால் பிடிக்கிற பாகம். தமிழில் ‘துப்பாக்கிக் கட்டை’ என்கிறோம், வார்த்தைக்குள்ளேயே மரம் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். அவர்கள் சொல்லும் ‘ஸ்டாக்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் மரத்தின் அடித்தண்டு. (காமர்ஸ்காரர்கள் தினமும் உச்சரிக்கும் அந்த இன்னொரு ‘ஸ்டாக்’கும் இதே அடித்தண்டிலிருந்து கிளைத்ததுதான்!) மரம் இல்லாத கட்டை என்பதே அன்றைக்கு முரணான பேச்சு.

அதிலும் ஏதோ ஒரு மரம் என்றில்லை. வால்நட். நம் ஊரில் அக்ரூட் பருப்பு என்று கிஸ்மிஸ், முந்திரியோடு விற்கிறார்களே, அந்தக் குடும்பம்தான். அமெரிக்காவில் கறுப்பு வால்நட் என்ற ரகம். ஏன் இதற்கு இவ்வளவு மவுசு? துப்பாக்கி வெடிக்கும்போது பின்பக்கமாக ஒரு உதை வரும். அந்த உதையைத் தாங்க வேண்டும், பிளக்கக் கூடாது. ரொம்பக் கனமாகவும் இருக்கக் கூடாது. உள்ளே இரும்புப் பாகங்கள் கச்சிதமாக உட்காரும்படி குடைவதற்கு இடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அப்புறம் மழைக்கு உப்புவதும் வெயிலுக்குச் சுருங்குவதும் குறைவாக இருக்க வேண்டும். மரக்கட்டை உப்பினால் அது குழலைப் பக்கவாட்டில் நெருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவுதான், ஆனால் குறி தப்புவதற்கு அது போதும். இந்த எல்லாப் பரீட்சையிலும் சுமாராகப் பாஸாகிற மரங்கள் பல, நல்ல மார்க் வாங்குகிற மரம் வால்நட்.

ஆனால் வால்நட் அவசரப்படாத மரம். வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அறுத்த பிறகு காற்றில் காய வைத்தால், ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது மர வியாபாரிகளின் தோராயக் கணக்கு. யுத்தம் வந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா? முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது துப்பாக்கிக் கட்டைக்கும் விமானத்தின் சுழலிறக்கைக்கும் வால்நட் போதாமல், எங்கெங்கே வால்நட் மரம் நிற்கிறது என்று தேடிக் கணக்கெடுக்கச் சாரணச் சிறுவர்களையே ஊர் ஊராக இறக்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி வேறு வழி பார்த்தது. மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு அழுத்தி, பிளைவுட் மாதிரிக் கட்டை செய்தார்கள். அவர்களுடைய கெவேர் 43 என்ற செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கும் இந்த ஒட்டுக்கட்டை பொருத்தப்பட்டது. பார்க்கக் கோடு கோடாக இருக்கும். அழகு குறைவு, ஆனால் ஈரத்தில் வளைவது ஒற்றை மரத்தைவிடக் குறைவு. இப்போது இந்தக் கோடு போட்ட கட்டைக்கு அமெரிக்கக் கடைகளில் கூடுதல் விலை என்பது தனி வேடிக்கை.

மரத்தில் இன்னொரு சிக்கல், கூலி. 1819-20 வாக்கில் தாமஸ் பிளான்சர்ட் என்பவர் துப்பாக்கிக் கட்டையை அச்சு அசலாகப் பிரதி எடுத்துக் கடையும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். தொழிற்புரட்சி வரலாற்றில் முக்கியமான இயந்திரங்களில் ஒன்று அது. இருந்தாலும் அறுப்பது, காய வைப்பது, கடைவது, உள்ளே குடைவது, உப்புத்தாள் போடுவது, எண்ணெய் பூசுவது, பிடிமானத்துக்குச் சதுரம் சதுரமாகக் கோடு செதுக்குவது என்று ஒவ்வொரு கட்டையும் பல கைகள் மாறித்தான் வெளியே வரும். ஆயிரமாவது கட்டைக்கும் முதல் கட்டைக்கு ஆன அதே உழைப்பு. விலை உயர்ந்த வேட்டைத் துப்பாக்கி என்றால் பரவாயில்லை, வாங்குபவர் கொடுப்பார். தகர டப்பாவையும் முயலையும் சுடுகிற .22 ரகத் துப்பாக்கிக்கு? அது அமெரிக்கக் கிராமத்துப் பையன்களின் முதல் துப்பாக்கி. தோட்டா மலிவு, உதை கிடையாது. துப்பாக்கியும் மலிவாக இருந்தால்தான் விலை போகும்.

1950-களின் தொடக்கத்தில் ரெமிங்டன் கம்பெனியின் தலைவலி இதுதான். 1816-இல் தொடங்கிய பழம்பெரும் கம்பெனி, நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்ற சிற்றூரில் தொழிற்சாலை. மற்ற கம்பெனிகளாக இருந்தால் மர வியாபாரியிடம் பேரம் பேசியிருப்பார்கள். ரெமிங்டனுக்கு வேறொரு வசதி இருந்தது. 1933 முதல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் டூபான்ட் கையில்.

டூபான்ட் யார்? 1802-இல் டெலவேர் மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கி, அப்புறம் ரசாயன சாம்ராஜ்யமாக வளர்ந்த கம்பெனி. 1935-இல் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கியதுதான் நைலான். கரோதர்ஸ் மனச்சோர்வால் 1937-இல் தற்கொலை செய்துகொண்டார், தன் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் நாராக வந்தது. 1940 மே மாதம் பெண்களின் காலுறையாக நாடெங்கும் விற்பனைக்கு வந்தபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. போரில் பாராசூட். அந்தக் குறிப்பிட்ட நைலானுக்கு 66 என்று பெயர், அதைச் செய்ய ஒன்று சேர்க்கிற இரண்டு ரசாயனங்களிலும் ஆறு ஆறு கார்பன் அணுக்கள் இருப்பதால். துப்பாக்கியின் பெயரில் இருப்பதும் இந்த 66-தான். மாடல் நம்பர் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள்.

ஆக, ரெமிங்டன் இன்ஜினியர்கள் தங்கள் தாய்க் கம்பெனியின் ரசாயனக்காரர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். எந்த வடிவத்திலும் வார்க்க முடிய வேண்டும். அடி தாங்க வேண்டும், வளைந்தால் ஒடியக் கூடாது. வெயிலில் உருமாறக் கூடாது, பனியில் நொறுங்கக் கூடாது. நெருப்பை விலக்கியதும் அதுவாக அணைந்துவிட வேண்டும். எண்ணெய், அமிலம், பூஞ்சை, பூச்சி, எலி எதுவும் அண்டக் கூடாது. கீறல் விழுந்தால் சுலபமாகச் சரிசெய்ய வர வேண்டும். நிறம் மங்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் இரும்பை அரிக்கக் கூடாது. எண்ணெய் விடாமலே வழுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கண்டிஷன் போட மாட்டார்கள்! டூபான்ட் கொடுத்த பதில் ஸைடெல் என்ற பெயரில் அவர்கள் விற்ற நைலான் பிசின்.

இதற்கு முன்னால் பிளாஸ்டிக் கட்டையை யாரும் முயலாமல் இல்லை. 1940-களில் ஸ்டீவன்ஸ் கம்பெனி டெனைட் என்ற பிளாஸ்டிக்கில் கட்டை போட்டு மலிவுத் துப்பாக்கிகள் விற்றது. அவை காலப்போக்கில் வளைந்தன, வெடிப்பு விட்டன. பிளாஸ்டிக் என்றால் மட்டமான சரக்கு என்ற எண்ணம் சும்மா வரவில்லை.

வெய்ன் லீக் தலைமையில் ரெமிங்டன் செய்தது வேறு காரியம். மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை வைக்கவில்லை. கட்டை, நடுவில் இயந்திரப் பாகங்கள் உட்காரும் கூடு, முன்கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நைலான் உடம்பாக்கினார்கள். இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக வார்த்து ஒட்டிவிடுவது. பிடிமானச் சதுரக் கோடுகள் அச்சிலேயே வந்துவிடும், உளியே வேண்டாம். சுடும்போது முன்னும் பின்னும் ஓடுகிற எஃகுப் பாகம் நைலான் தடத்தின் மேலேயே வழுக்கி ஓடியது, எண்ணெய் தேவையில்லை. தோட்டாக்கள் கட்டைக்குள்ளேயே ஒரு குழாயில், மொத்தம் 14. முழுத் துப்பாக்கியும் 1.8 கிலோ. பார்க்கிறவர்கள் மிரண்டுவிடக் கூடாது என்று நடுப்பாகத்தின் மேல் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை முகமூடி மாதிரி மாட்டினார்கள். பின்பக்கக் குறிகாட்டி அந்தத் தகட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அது கொஞ்சம் ஆடும் தகடு. தொலைநோக்கி மாட்டிக் குறி பார்க்க விரும்பியவர்களுக்கு அது எப்போதும் தலைவலியாகவே இருந்தது. நைலானில் இருந்த குறையைவிட, நைலானை மறைக்கப் போட்ட இரும்பில் இருந்த குறை பெரிது!

கணக்கைப் பாருங்கள். மரக்கட்டையில் மாறும் செலவு அதிகம், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மரமும் கூலியும். நைலானில் எல்லாம் நிலைச் செலவு. அந்த ராட்சத எஃகு அச்சுகளைச் செய்யப் பெரும் பணம் முதலிலேயே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு கட்டைக்கும் கொஞ்சம் பிசின், கொஞ்ச நேரம். ஐயாயிரம் விற்றால் கம்பெனிக்குத் துண்டு விழும். லட்சக்கணக்கில் விற்றால் பணம் கொழிக்கும். அதனால் ரெமிங்டனுக்குப் பரவாயில்லாத வெற்றி போதாது, பெருவெற்றியே வேண்டும். அதுவும் மரத்தைத் தவிர வேறெதையும் நம்பாத வாடிக்கையாளர்களிடம்.

இங்கேதான் டாம் ஃப்ரை வருகிறார். ரெமிங்டனின் விற்பனைப் பிரதிநிதி, கைதேர்ந்த துப்பாக்கி வித்தைக்காரர். அன்றைக்கு அரை நூற்றாண்டாக ஒரு சாதனை நின்றுகொண்டிருந்தது. போட்டிக் கம்பெனியான வின்செஸ்டரின் ஆட் டோப்பர்வைன் 1907-இல் காற்றில் தூக்கிப்போட்ட சின்ன மரத்துண்டுகளில் 72,500-ஐக் குறிவைத்து, ஒன்பதை மட்டும் தவறவிட்டிருந்தார். 1959-இல் ஃப்ரை நைலான் 66 துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டரை அங்குல மரத்துண்டுகள், தினம் எட்டு மணி நேரம், பதின்மூன்று நாள். மொத்தம் 1,00,010 துண்டுகள். தவறியது ஆறு. அந்த மரத்துண்டுக் குவியலின் மேல் அவர் உட்கார்ந்திருக்கும் படத்தை ரெமிங்டன் விளம்பரமாகப் போட்டது. மரமா நைலானா என்ற வழக்கில், சுடப்பட்டதும் மரம், மேலே உட்கார்ந்திருந்தது நைலான். அந்த விளம்பரத்தை யோசித்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

உண்மையில் அந்தச் சாதனையில் நைலானின் பங்கை விட ஃப்ரையின் கண்ணுக்கும் கைக்கும்தான் பங்கு அதிகம். ஆனால் வாங்குகிறவரின் பயம் ‘இது குறி தப்புமோ’ என்பது மட்டும் இல்லையே, ‘இது பாதியில் மக்கர் பண்ணுமோ, ஒடிந்து போகுமோ’ என்பதும்தான். லட்சம் முறை வெடித்தும் உடையாத பொம்மை, பொம்மை இல்லை. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ‘மோஹாக் பிரவுன்’ என்ற பழுப்பு, ‘செனெகா கிரீன்’ என்ற பச்சை, 1962-இல் ‘அப்பாச்சி பிளாக்’ என்ற கறுப்பு. மூன்றும் பூர்வகுடிகளின் பெயர்கள். அந்த மக்களின் நிலத்தைத் துப்பாக்கியால் பிடுங்கிய நாட்டில் துப்பாக்கிக்கே அவர்கள் பெயர்! மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் ரெமிங்டனின் தொழிற்சாலை நின்றது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

அதிகம் பேசப்படாத வாடிக்கையாளர்கள் வட அலாஸ்காவிலும் வட கனடாவிலும் இருந்தார்கள். கடுங்குளிரில் சாதாரணத் துப்பாக்கியின் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும், பாகங்கள் நகராது. எண்ணெயே கேட்காத துப்பாக்கி அங்கே வரப்பிரசாதம். படகில் கிடந்து, பனிச்சறுக்கு வண்டியில் அடிபட்டு, மழையில் நனைந்து, அப்படியே எடுத்துச் சுடலாம். வால்நட்டின் அழகை ரசிக்கும் ஆடம்பரம் அவர்களுக்கு இல்லை.

மொத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதே நைலானை வைத்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழ் இழுக்கிற ரகத்தையும் நெம்புகோல் ரகத்தையும் 1962-இல் ரெமிங்டன் இறக்கிப் பார்த்தது. 1964-க்குள் மூடிக்கொண்டார்கள். பழைய பாணித் துப்பாக்கி கேட்கிறவர் கட்டையும் பழைய பாணியில்தான் கேட்கிறார். புதுமையை ஏற்றுக்கொள்கிறவன்கூட அதை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை.

வாங்குவது அன்றைக்கு எவ்வளவு சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். 1968 வரை தபாலில் பணம் அனுப்பினால் ரைபிள் வீட்டுக்கு வந்துவிடும். ஜனாதிபதி கென்னடியை 1963-இல் கொன்ற துப்பாக்கியே தபாலில் வாங்கியதுதான். .22 ரகத்துக்குத் தொடர் எண்கூடக் கட்டாயம் இல்லை. ஆரம்ப வருடங்களின் நைலான் 66 துப்பாக்கிகளில் எண்ணே கிடையாது. லட்சக்கணக்கில் எண் இல்லாத, எங்கே இருக்கிறது என்று எந்த ஏட்டிலும் இல்லாத துப்பாக்கிகள்! நம் ஊரில் ஒரு சைக்கிளுக்கே அடியில் எண் அடித்திருக்கும். 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இரண்டையும் மாற்றியது. தபால் வியாபாரம் பெரும்பாலும் நின்றது, எண் கட்டாயமானது.

இதே சமயத்தில் ராணுவத்திலும் மரம் தோற்றுக்கொண்டிருந்தது. வியட்நாமின் ஈரத்தில் எம்14 ரைபிளின் மரக்கட்டைகள் உப்பின. ஃபைபர் கிளாஸ் கட்டைகள் வந்தன. அடுத்து வந்த எம்16-இல் மரமே இல்லை, கறுப்பு பிளாஸ்டிக். பொம்மைக் கம்பெனியான மேட்டெல் செய்த துப்பாக்கி என்று சிப்பாய்கள் கிண்டல் செய்தார்கள். அந்த ஆரம்ப எம்16-கள் சண்டைக்கு நடுவே சிக்கிக்கொண்டு நின்றதும், அதனால் சிப்பாய்கள் செத்ததும் உண்மை. ஆனால் காரணம் பிளாஸ்டிக் இல்லை. டூபான்டின் வெடிமருந்துக்குப் பதிலாக வேறு ரக மருந்தை நிரப்பியது, தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூசாமல் விட்டது, சுத்தம் செய்யும் சாமான்களைச் சரியாகக் கொடுக்காதது. கண்ணுக்குத் தெரிந்தது கறுப்புக் கட்டை, கொன்றது கண்ணுக்குத் தெரியாத மருந்து.

நைலான் 66-ஐ வீழ்த்தியதும் பிளாஸ்டிக்கின் குறை இல்லை. 1964-இல் ரூகர் கம்பெனி 10/22 என்ற .22 செமி ஆட்டோமேட்டிக்கை இறக்கியது. அழகான வால்நட் கட்டை, விலையில் நைலான் 66-ஐ விட நாலைந்து டாலர்தான் கூட. தொலைநோக்கியும் ஆடாமல் நிற்கும். நல்ல மரம் வேண்டும் என்று ஏங்கியவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். சில பத்தாண்டுகளில் அதே ரூகர் வால்நட்டைக் கைவிட்டு மலிவான பிர்ச் மரத்துக்கு இறங்கி, அப்புறம் பிளாஸ்டிக் கட்டையையும் போட்டது. 70 லட்சத்துக்கு மேல் விற்ற அந்தத் துப்பாக்கியை இன்றைக்கு வாங்கப் போனால் பிர்ச்சா, ஒட்டுக்கட்டையா, பிளாஸ்டிக்கா என்று கடைக்காரர் கேட்பார். அசல் வால்நட் என்றால் கூடுதல் காசு.

1980-களின் பிற்பகுதியில் ரெமிங்டனின் அச்சுகள் தேய்ந்துபோயின. புதிதாகச் செய்ய மறுபடியும் அந்தப் பெரிய நிலைச் செலவு. இந்த முறை கணக்கு இடிக்கவே, உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கருவிகளில் ஒரு பகுதி பிரேசிலின் சிபிசி கம்பெனிக்குப் போனது. எந்த அச்சு இந்தத் துப்பாக்கியைப் பிறக்க வைத்ததோ அதுவே மூச்சையும் நிறுத்தியது. 1993-இல் டூபான்ட் ரெமிங்டனை விற்றுவிட்டது. 2018-இலும் 2020-இலும் ரெமிங்டன் திவாலானது. இலியன் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டது. சில வருடங்கள் மட்டுமே வந்த பச்சை நிற நைலான் 66-ஐ இப்போது சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கும் புராதனப் பொருள் ஆகிவிட்டது.

கட்டையைப் பார்த்துத் துப்பாக்கியை எடைபோடும் பழக்கம் மட்டும் போகவில்லை, திசை மாறியது. 1959-இல் பிளாஸ்டிக் என்றால் பொம்மை. எம்16-க்கும் அதன் செமி ஆட்டோமேட்டிக் உறவான ஏஆர்-15-க்கும் பிறகு, கறுப்புப் பிளாஸ்டிக் என்றால் பயங்கரம், மரக்கட்டை என்றால் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. 1994-இல் அமெரிக்கா சில செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைப் பத்து வருடத்துக்குத் தடைசெய்தது. ஏஆர்-15 மாதிரி சிலவற்றைப் பெயர் சொல்லியே தடுத்தார்கள். மற்ற ரைபிள்களுக்குச் சில அடையாளங்கள். கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி இருந்து, கூடவே மடிக்கும் கட்டை, கீழே துருத்தும் கைப்பிடி, கத்தி மாட்டும் கொக்கி போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. கூடவே, இவை தடையில்லாதவை என்று ஒரு நீண்ட விலக்குப் பட்டியல். அதில் ரூகரின் மினி-14 இருந்தது, மடிக்கும் கட்டை இல்லாதவரை.

மினி-14 பெரும்பாலும் மரக்கட்டையோடு பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான், அதற்கும் கழற்றி மாட்டும் பெட்டிதான். ஏஆர்-15 சுடுகிற அதே .223 ரகத் தோட்டாவையே அதுவும் சுடுகிறது. தோட்டா தசையில் பாயும்போது பின்னால் இருப்பது மரமா பிளாஸ்டிக்கா என்று அதற்குத் தெரியாது. இந்தச் சட்டம் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1989 டிசம்பர் 6-ஆம் தேதி, கனடாவின் மான்ட்ரியால் நகர இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். பெரும்பாலும் மாணவிகள். பெண்களைத் தனியாகப் பிரித்து நிறுத்திச் சுட்டான். அவன் கொண்டுவந்தது மினி-14.

அதற்குப் பிறகும் கனடாவில் ஏஆர்-15 கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்க, மினி-14 சாதாரண வேட்டை ரைபிள்களின் வரிசையிலேயே முப்பது வருடம் நீடித்தது. செத்த மாணவிகளின் குடும்பத்தாரும் அன்று தப்பியவர்களும் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1994-இன் அமெரிக்கத் தடை 2004-இல் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கப்படவில்லை. கனடா 2020 ஏப்ரலில் இன்னொரு பெரும் படுகொலையைப் பார்த்த பிறகு, மே 1-ஆம் தேதி சுமார் 1,500 மாடல்களை ஒரே ஆணையில் தடைசெய்தது. ஏஆர்-15-உம் எம்14-உம் மினி-14-உம் ஒரே பட்டியலில் வந்தன, கட்டை எதுவாக இருந்தாலும்.